முதலில் எழுத்துரு, அப்புறம்தான் எஃபெக்ட்: லினக்ஸ் டெஸ்க்டாப்பை அழகாக்க எதைத் தேர்வது?

சித்தி மகள் திண்டுக்கல்லிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மடிவாளாவில் ஒரு பி.ஜி.யில் தங்கியிருக்கிறாள். மொபைல் செயலிகளைத் தமிழுக்கும் கன்னடத்துக்கும் கொண்டுவரும் குழுவில் வேலை. ஒரு பக்கம் ஜாவாஸ்கிரிப்ட், இன்னொரு பக்கம் பட்டனுக்கும் மெனுவுக்கும் போக வேண்டிய தமிழ் வாக்கியங்கள். போன ஞாயிற்றுக்கிழமை முருகேஷ்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது தன் சொந்த லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பிராசஸர் பழையது என்பதால் விண்டோஸ் 11-க்கும் தகுதி இல்லை.

"அண்ணா, லினக்ஸ் போட்டுக் குடுங்க. ஆனா வீடியோல எல்லாம் காட்டுறாங்களே, விண்டோவுக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி மங்கலா தெரியும்ல, அப்படி இருக்கணும். கோடு எழுதுற எழுத்தும் அழகா இருக்கணும்" என்றாள்.

14 அங்குலத் திரை, 1920-க்கு 1080 பிக்சல், பிராசஸருக்குள்ளேயே அடங்கிய இன்டெல் கிராஃபிக்ஸ், 8 ஜிபி ரேம். வேலைக்குப் புதிதாக வருபவர்களின் கையில் நான் அதிகம் பார்ப்பது இந்த வகைதான். மதியம் தொடங்கி ராத்திரி வரை இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். எதை எடுத்தோம், எதை விட்டோம், ஏன் என்பதை எழுதி வைத்தால் இதே கேள்வியோடு இருக்கும் இன்னும் சிலருக்கு உதவும் என்று தோன்றியது.

அழகு எதற்கு, வேலை நடந்தால் போதாதா என்று கேட்பவன் நான் இல்லை. 2007 அக்டோபரில் வந்த உபுண்டு 7.10 என்ற லினக்ஸ் பதிப்பில், காம்பிஸ் என்ற நிரல் தரும் எஃபெக்டுகள் தாமாகவே இயங்கத் தொடங்கின. அப்போது கோவையில் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சீனியர் டெஸ்க்டாப்பை ஒரு கனசதுரமாகச் சுழற்றிக் காட்டினார். இழுத்தால் விண்டோ ஜெல்லி மாதிரி ஆடியது. எனக்கு லினக்ஸ் மேல் ஆசை வந்தது அன்றைக்குத்தான். கணினியை நம் விருப்பப்படி மாற்றலாம் என்பதை அந்தக் கனசதுரம்தான் எனக்குக் காட்டியது. ஆனால் ஒரு எஃபெக்ட் கண்ணில் படுவது கால் நொடி, அரை நொடி. எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நாள் முழுக்க. அதனால் நான் எப்போதும் எழுத்துருவில்தான் தொடங்குவேன்.

எழுத்துரு

நிரல் எழுதுவதற்கான எழுத்துருக்களில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒல்லியான ஆங்கில ஐ-க்கும் பருமனான டபிள்யூவுக்கும் ஒரே அளவு இடம். வரிகள் நேர்கோட்டில் நிற்கவும் ஓரத்து இடைவெளியைக் கண்ணாலேயே எண்ணவும் இது தேவை. எதைத் தேர்ந்தாலும் முதலில் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். பூஜ்ஜியத்தையும் பெரிய ஓ-வையும் பக்கத்தில் பக்கத்தில் அடியுங்கள். அப்புறம் ஒன்று, சிறிய எல், பெரிய ஐ மூன்றையும் அடியுங்கள். ஒரு நொடி யோசித்தால்தான் வித்தியாசம் தெரிகிறது என்றால் அந்த எழுத்துரு வேண்டாம். ஒருமுறை ஸ்கிரீன்ஷாட்டில் வந்த, சர்வரில் நுழைவதற்கான ஒரு சாவியைப் பார்த்து அடிக்கும்போது பூஜ்ஜியத்தை ஓ என்று எடுத்துக்கொண்டு, சர்வர் ஏன் உள்ளே விட மறுக்கிறது என்று ஒரு மணி நேரம் தேடியிருக்கிறேன். நல்ல எழுத்துருக்களில் பூஜ்ஜியத்தின் நடுவில் ஒரு புள்ளியோ குறுக்குக் கோடோ இருக்கும்.

இந்தச் சோதனையைத் தாண்டிய நான்கை அவளுக்குக் காட்டினேன். ஜெட்பிரெயின்ஸ் மோனோ 2020-இல் வந்தது. சிறிய எழுத்துகளின் உயரத்தைக் கூட்டி வரைந்திருப்பதால், அதே அளவில் வைத்தாலும் மற்றவற்றைவிடப் பெரிதாகத் தெரியும். ஃபிரா கோடுக்கு அடிப்படை, ஃபயர்ஃபாக்ஸ் இயங்குதளத்துக்காக மொசில்லா செய்வித்த ஃபிரா எழுத்துக் குடும்பம். அதை நிரலாளர்களுக்காக விரித்தவர் நிகிதா புரோகோபோவ். வளைவுகள் மென்மையாக இருக்கும். கஸ்கேடியா கோட் 2019-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. விண்டோஸ் டெர்மினலில், அதாவது கட்டளைகளை அடிக்கும் விண்டோவில், பழகிய கண்ணுக்கு இது உடனே ஒத்துப்போகும். நான்காவது ஐயோசெவ்கா. இது ஒடுக்கமானது. ஜெட்பிரெயின்ஸ் மோனோவில் ஓர் எழுத்தின் அகலம் எழுத்தளவில் 0.6 பங்கு, ஐயோசெவ்காவில் 0.5 பங்கு. அதாவது 100 எழுத்து அடங்கும் இடத்தில் 120 எழுத்து அடங்கும். 14 அங்குலத் திரையில் இரண்டு கோப்பைப் பக்கம் பக்கமாகத் திறந்து வைப்பவர்களுக்கு இது பெரிய லாபம்.

ஹேக், சோர்ஸ் கோட் புரோ, ஐபிஎம் பிளெக்ஸ் மோனோ மூன்றும் நல்லவைதான். ஏற்கெனவே அவற்றில் பழகியிருந்தால் மாற்றத் தேவையில்லை. காசு கொடுத்து வாங்கும் எழுத்துருக்களும் உண்டு. மேலே சொன்னவை எல்லாம் இலவசம், கட்டற்ற உரிமம் உடையவை. அவற்றிலேயே இவ்வளவு தரம் இருக்கும்போது முதல் சம்பளத்தில் எழுத்துரு வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லிகேச்சர் பற்றி அவள் குறிப்பாகக் கேட்டாள். ஆச்சரியக்குறியும் சமக்குறியும் சேர்ந்தால் ஒரே குறியாக, கோடும் கோணக்குறியும் சேர்ந்தால் அம்புக்குறியாக மாறித் தெரிவதுதான் லிகேச்சர். கோப்பில் எழுத்து மாறுவதில்லை, திரையில் வரைவது மட்டும் மாறுகிறது. எனக்கு அது பிடிக்கும், பல வருடமாக வைத்திருக்கிறேன். ஆனாலும் அவளிடம் ஒரு வருடம் வேண்டாம் என்றேன். புதிதாகக் கற்பவர் இரண்டு சமக்குறியா மூன்றா என்பதை எண்ணிப் பார்த்துப் பழக வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் அந்த ஒரு குறிக்குள் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் வந்து திரையைப் பார்க்கும்போதும், நாம் அடித்தது அடித்தபடியே அவருக்குத் தெரிவது நல்லது. அவள் நிரல் எழுதும் விஎஸ் கோடு எடிட்டரில் லிகேச்சர் அணைந்த நிலையில்தான் வருகிறது, அப்படியே விட்டுவிடலாம். ஜெட்பிரெயின்ஸ் மோனோவில் லிகேச்சரே இல்லாத என்எல் என்ற வகையும் தனியாகக் கிடைக்கிறது.

தமிழ் எங்கே உட்காரும்?

எழுத்துரு ஒப்பீடுகளில் நம்மைப் போன்றவர்களுக்கு விடுபட்டுப் போவது இந்தக் கேள்விதான். நான் சொன்ன நான்கிலும் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது. நாம் தமிழில் ஒரு வாக்கியம் அடித்தால், கணினி வேறொரு எழுத்துருவை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறது. அது எது என்று நாம் சொல்லாவிட்டால் கணினியே முடிவு செய்துகொள்ளும். அந்த முடிவு பெரும்பாலும் மெல்லிய, சிறிய எழுத்தாகவோ, பக்கத்து ஆங்கில வரியைவிடத் தடித்த எழுத்தாகவோ வந்து நிற்கும்.

ஒரே அகலக் கட்டத்துக்குள் தமிழை அடக்குவதே கடினம். கொ என்ற எழுத்தைப் பாருங்கள். உள்ளே இருப்பது க என்ற குறியீடும் ஒகரக் குறியீடும், ஆக இரண்டு. திரையில் வருவது மூன்று துண்டு: முன்னால் ஒற்றைக் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். ட ஒல்லி, ஞ அகலம், ணை அதைவிட அகலம். எடிட்டர்கள் இதைச் சமாளித்துவிடும், ஏனென்றால் அவை வாக்கியத்தை முழுதாக எடுத்து வரைகின்றன. டெர்மினல் அப்படி இல்லை. அது திரையைச் சம கட்டங்களாகப் பிரித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தைப் போடப் பார்க்கும். அதனால் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை விழும். வேகத்துக்காகப் பலரும் புகழும் அலாக்ரிட்டி என்ற டெர்மினல், எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையையே செய்வதில்லை, லிகேச்சரும் அதில் வராது. டெர்மினல் தேர்ந்தெடுக்கும்போது "கொடைக்கானல், ஸ்ரீரங்கம், ஞானம், கௌரி" என்று ஒரு வரி ஒட்டிப் பாருங்கள், ஐந்து நொடியில் தெரிந்துவிடும். எங்களுக்குக் கேடிஇ டெஸ்க்டாப்போடு வரும் கான்சோல் என்ற டெர்மினல் பரவாயில்லை என்று பட்டது. ஆனால் தமிழைப் படித்துத் திருத்தும் வேலையை டெர்மினலில் செய்யவே வேண்டாம், எடிட்டரில் செய் என்று சொல்லிவிட்டேன்.

எடிட்டரில் ஒரு நுணுக்கம் உண்டு. விஎஸ் கோடின் எழுத்துரு வரியில் பல பெயர்களைக் கமா போட்டு எழுதலாம். முதல் எழுத்துருவில் இல்லாத எழுத்துக்கு அடுத்ததைத் தேடும். நிரல் எழுத்துருவை முதலில் எழுதி, தமிழ் எழுத்துருவை இரண்டாவதாக எழுத வேண்டும். இந்த வரிசை மாறினால், தமிழ் எழுத்துருவுக்குள் இருக்கும் ஆங்கில எழுத்துகளே நிரலுக்கும் வந்துவிடும். அவற்றின் அகலம் ஆளுக்கொரு விதம் என்பதால் வரிகள் கோணலாகும். "நான் தமிழ் ஃபான்ட் போட்டதுமே கோடு கெட்டுப்போச்சுண்ணா" என்று அவள் முன்பு சொன்னதற்குக் காரணமும் இதுதான்.

இரண்டாவதாக எந்தத் தமிழ் எழுத்துரு? லோகித் தமிழ் பழைய நண்பன், ஆனால் 14 அங்குலத் திரையில் நிரல் எழுத்துக்குப் பக்கத்தில் மெலிந்து தெரிகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் ஒழுங்கானது, பல லினக்ஸ் பதிப்புகளில் ஏற்கெனவே இருக்கும், குறை சொல்ல எதுவும் இல்லை. முக்த மலர் இன்னும் திறந்த வடிவம், சிறிய அளவிலும் சுழிகள் அடைத்துக்கொள்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அனெக் தமிழ். முக்தவைச் செய்த மும்பையின் ஏக் டைப் குழுதான் 2022-இல் இதையும் வெளியிட்டது. இதில் தடிமனை மட்டுமல்ல, அகலத்தையும் 75 விழுக்காட்டிலிருந்து 125 விழுக்காடு வரை மாற்றலாம். நிரலுக்கு நடுவே தமிழ் வரும்போது கண்ணை உறுத்துவது அதன் அகலம்தான். ஒடுக்கமான வகையை எடுத்து ஜெட்பிரெயின்ஸ் மோனோவுக்கு அடுத்து எழுதினோம். தமிழ் வரியும் ஆங்கில வரியும் ஒரே ஆள் எழுதியது போல ஆகிவிட்டன. அவள் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி, எனக்கும்தான்.

இங்கேதான் ஐயோசெவ்கா எங்கள் பட்டியலிலிருந்து விழுந்தது. ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு அதன் ஒடுக்கம் வரம். நம் தமிழ் அகலமானது. இரண்டும் ஒரே வரியில் வரும்போது ஆங்கிலம் இளைத்துப்போய் நிற்கிறது. தமிழே எழுதாத நண்பர்களுக்கு இன்றும் நான் முதலில் சொல்வது ஐயோசெவ்காதான்.

வரி இடைவெளியையும் கூட்டுங்கள். மேலே புள்ளி, கீழே உகர ஊகாரச் சுழி என்று தமிழ் இரண்டு பக்கமும் இடம் கேட்கும். அவள் குழுவில் கன்னடமும் உண்டு, அதன் கூட்டெழுத்துகளில் வரும் ஒத்தக்ஷரங்கள் வரிக்குக் கீழே தொங்கும். விஎஸ் கோடில் வரி உயரத்துக்கு 1.6 என்று கொடுத்தோம், இரண்டு மொழிக்கும் அது போதுமானதாக இருந்தது.

தடிமனை மட்டும் திரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 14 அங்குலத்தில் 1080 வரி என்றால் அங்குலத்துக்கு 157 பிக்சல், எழுத்து கூர்மையாக வரும். அதே 1080 வரி 24 அங்குல மானிட்டரில் அங்குலத்துக்கு 92 பிக்சல்தான். அங்கே மெல்லிய வகை உடைந்து தெரியும், நடுத்தரத் தடிமனுக்கு மாறிவிடுங்கள்.

எந்த டெஸ்க்டாப்?

லினக்ஸில் பட்டை, மெனு, விண்டோ எல்லாவற்றுக்கும் தோற்றம் தரும் டெஸ்க்டாப்கள் பல உண்டு, நமக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ளலாம். அவற்றில் க்னோம் எடுத்த உடனேயே நேர்த்தியாக இருக்கும். ஆனால் அவள் கேட்ட கண்ணாடி மங்கல் அதற்குள் இல்லை, பிளர் மை ஷெல் மாதிரி எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல், போட வேண்டும். க்னோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதிய பதிப்பு வெளியிடுகிறது. தனக்கு எந்தப் பதிப்பு பொருந்தும் என்று ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் எழுதி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இயங்காது. 2023 செப்டம்பரில் வந்த 45-ஆவது பதிப்பில் அடிப்படை முறையே மாறியதால் எல்லா எக்ஸ்டென்ஷனையும் திருத்தி எழுத வேண்டி வந்தது. க்னோமே வேண்டும் என்பவர்கள் உபுண்டுவின் நீண்ட கால ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பில் இருங்கள். இரண்டு வருடத்துக்கு அதே க்னோம்தான், அழகும் கலையாது.

கேடிஇ பிளாஸ்மாவில் நிலைமை வேறு. மங்கல், ஜெல்லி விண்டோ, சுருக்கும்போது விளக்குப் புகை போல உள்ளே போகும் அசைவு என எல்லாம் செட்டிங்ஸில் ஒரே பக்கத்தில் டிக் போடும் பெட்டிகளாக இருக்கின்றன. பிளாஸ்மா 5 காலத்தின் கடைசியில் கனசதுரத்தை எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6-இல் அது திரும்பி வந்தது. இதனால் பதிப்பைப் பார்த்து நிறுவ வேண்டும். பிளாஸ்மாவோடு வரும் உபுண்டு வகையான குபுண்டு 24.04-இல் இருப்பது பிளாஸ்மா 5.27, அதில் கனசதுரம் வராது. இன்னொரு லினக்ஸ் பதிப்பான டெபியன் 13-இல் பிளாஸ்மா 6.3 இருக்கிறது.

பிளாஸ்மாவில் ஓர் எச்சரிக்கை, இதைக் கண்டிப்பாகப் படியுங்கள். முழு டெஸ்க்டாப்பையும் மாற்றும் குளோபல் தீம்கள் வெறும் நிறமும் படமும் அல்ல, அவற்றுக்குள் இயங்கும் நிரலும் இருக்கலாம். 2024 மார்ச்சில் அப்படி ஒரு தீமை நிறுவிய ஒருவரின் கோப்புகள் அழிந்துபோயின, கேடிஇ அமைப்பே பயனர்களை எச்சரித்தது. நிறத் தொகுப்பு, ஐகான், வால்பேப்பர் என்று தனித்தனியாக எடுங்கள். முகம் தெரியாதவர் செய்த முழுத் தீமை ஒரே கிளிக்கில் போடாதீர்கள்.

எக்ஸ்எஃப்சிஇ இலேசானது, நம்பலாம். நிழலும் ஒளிபுகும் தன்மையும் உண்டு, மங்கலும் அசைவும் அதில் இல்லை. பிகாம் என்ற தனி நிரலைச் சேர்த்தால் மங்கல் வரும், ஆனால் அமைப்புக் கோப்பைக் கையால் எழுத வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள். வீடியோக்களில் அதிகம் வருவது ஹைப்பர்லேண்ட். வட்ட முனை, மங்கல், வளைந்து வரும் அசைவு என்று உண்மையிலேயே அழகு. விண்டோக்கள் தாமாகவே கட்டம் கட்டமாக அடுக்கிக்கொள்ளும். எல்லாமே எழுதி அமைப்பது. அதைக் கற்பதிலேயே ஆசை இருந்தால் ஒரு நீண்ட விடுமுறையில் செய்யுங்கள், திங்கட்கிழமை வேலைக்குப் போகும் லேப்டாப்பில் வேண்டாம்.

எவ்வளவு எஃபெக்ட்?

மங்கல்தான் விலை அதிகமான எஃபெக்ட். விண்டோவுக்குப் பின்னால் ஏதாவது அசையும் ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதியைச் சிறிதாக்கிப் பெரிதாக்கிப் பலமுறை வரைய வேண்டும். பின்னால் வீடியோ ஓடினால் அந்த வேலை ஓய்வதே இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் அந்த வேலைக்கான நினைவகமும் அதே 8 ஜிபி ரேமிலிருந்துதான் போகிறது. பி.ஜி.யில் கரண்ட் போய், பேட்டரியில் ஓடும்போது இது உறைக்கும். 4கே மானிட்டர் மாட்டினால் பிக்சல் நான்கு மடங்கு, வேலையும் அதற்கேற்பக் கூடும்.

அதனால் மங்கலை எங்கே வைப்பது என்று பார்த்தோம். கீழ்ப் பட்டையிலும் மெனுவிலும் வைக்கலாம், அங்கே படிக்க வேண்டியது கொஞ்சம்தான். டெர்மினலிலும் எடிட்டரிலும் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதமாவது இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் விதிகள் சொல்கின்றன. ஒளிபுகும் டெர்மினலில் அந்த விகிதம் வால்பேப்பருக்குத் தக்கபடி இடத்துக்கு இடம் மாறும். ஒரு முறை மீட்டிங்கில் என் திரையைப் பகிர்ந்தபோது, என் கண்ணுக்குத் தெளிவாக இருந்த வரி மற்றவர்களுக்கு வால்பேப்பர் மேகத்துக்குள் காணாமல் போயிருந்தது. அன்றைக்கே டெர்மினலின் பின்னணியை முழுதாக மூடிவிட்டேன்.

அசைவுகளில் உதவி செய்பவை உண்டு. சுருக்கும் விண்டோ எந்த மூலைக்குப் போகிறது என்று காட்டும் அசைவு நல்லது. பயன்படுத்தாத விண்டோக்களைச் சற்று இருட்டாக்கும் எஃபெக்ட், இரண்டு கோப்பு பக்கத்தில் பக்கத்தில் திறந்திருக்கும்போது எதில் அடிக்கிறோம் என்று சொல்லிவிடுகிறது. பிளாஸ்மா 6.1 முதல், மவுசை வேகமாக ஆட்டினால் அம்புக்குறி பெரிதாகிக் காட்டும், பெரிய மானிட்டரில் இது அருமை. அசைவு பார்த்தால் தலை சுற்றும் என்பவர்கள் அசைவு வேகத்துக்கான கட்டையைக் கடைசிவரை தள்ளினால் எல்லாம் உடனுக்குடன் நடக்கும். க்னோமில் இதற்கு அணுகல் பிரிவில் ஒரு பொத்தான் இருக்கிறது.

ரேமைப் பற்றி அவளுக்குப் பயம் இருந்தது. இந்த டெஸ்க்டாப்களுக்கு இடையிலான வித்தியாசத்தைவிட உலாவியில் திறந்து கிடக்கும் டேப்கள் தின்பது அதிகம் என்று சிஸ்டம் மானிட்டரைத் திறந்து காட்டினேன்.

ராத்திரி முடிவாக அவள் லேப்டாப்பில் இருந்தது இது: டெபியன் 13, பிளாஸ்மா, எடிட்டரில் ஜெட்பிரெயின்ஸ் மோனோ, அடுத்து ஒடுக்கமான அனெக் தமிழ், லிகேச்சர் இல்லை. மங்கல் பட்டையில் மட்டும். டெர்மினல் முழுக் கறுப்பு. ஜெல்லி விண்டோவைப் பத்து நிமிடம் ஆட்டிப் பார்த்துவிட்டு அவளே அணைத்தாள். கனசதுரத்தை அணைக்க மட்டும் மனசு வரவில்லை. பட்டனை அழுத்தாதவரை அது எதையும் செலவழிப்பதில்லை, இருக்கட்டும் என்றேன். அந்த லேப்டாப்பில் ரேம் கழற்றி மாட்டும் வகைதான். வருகிற சனிக்கிழமை எஸ்.பி. ரோடு போய் இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போடுவதாக இருக்கிறோம்.